‘ஆர்பைட்ஸ்கிளேத’ வைக்கிங் சொத்தா, ஜெர்மன் சரக்கா?

பனிக்குல்லா:
கோபன்ஹேகன்ல புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கேன். சேர்ந்தவங்களுக்கெல்லாம் அறிமுகக் கூட்டம் வெச்சாங்க. ஒரு ஸ்லைடு முழுக்க ஒத்தை டேனிஷ் சொல்தான், டென்மார்க்காரங்க மொழி: ஆர்பைட்ஸ்கிளேத. ‘ஆர்பைத’ன்னா வேலை, ‘கிளேத’ன்னா மகிழ்ச்சி. வேலை செய்யறதுல கிடைக்கிற மகிழ்ச்சின்னு விளக்கம். அதோட விட்டிருந்தா பரவாயில்லை. "நார்டிக் மொழிகளைத் தவிர உலகத்துல வேற எந்த மொழியிலயும் இதுக்குச் சொல் கிடையாது, வைக்கிங் காலத்துலேர்ந்து எங்க ரத்தத்துல ஊறினது"ன்னு அந்த எச்.ஆர். அம்மா சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். ஆனா கொள்ளையடிக்கப் போனவன் வேலை மகிழ்ச்சிக்குத் தனியா சொல் வெச்சிருப்பானா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீக்கடை பெஞ்ச்:
கொள்ளையும் ஒரு வேலைதானே தம்பி. மகிழ்ச்சியாத்தான் செஞ்சிருப்பான்.

வேர்ச்சொல்:
முதல் பாதியே வைக்கிங் சொத்து இல்லை, பனிக்குல்லா. ‘ஆர்பைத’ கடல் வழியே வந்த சரக்கு. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு வரை பால்டிக் கடல் வணிகம் ஹான்சா என்ற வட ஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டணி கையில் இருந்தது. அதன் முக்கிய நகரமான லூபெக்கிலிருந்து வந்தவர்கள் பேசியது தாழ்நில ஜெர்மன், அதாவது வட ஜெர்மனியின் மொழி. டேனிஷ் கடைவீதியும் தொழிற்பட்டறையும் அந்தச் சொற்களால் நிரம்பின. பணம் கட்டுவதற்கான ‘பெதாலெ’, தையற்காரரைக் குறிக்கும் ‘ஸ்க்ரெதர்’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. ‘ஆர்பைத’வும் அந்தக் கப்பலில்தான் வந்தது.

வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் அதே மூலத்திலிருந்து கிளைத்த சொந்தச் சொல் ஒன்று உண்டு: ‘எர்ஃபிதி’. அதற்குப் பொருள் வெறும் வேலை அல்ல, துன்பப்பாடு. இன்றைய ஐஸ்லாந்து மொழியில் ‘எர்ஃபிதுர்’ என்றால் ‘கடினமான’ என்றுதான் பொருள். ஜெர்மனிலும் கதை இதுதான். 1200-ஐ ஒட்டி எழுந்த நிபெலுங்கென் காவியத்தின் முதல் அடிகளிலேயே ‘பெரும் ஆரெபைட்’ வருகிறது. வீரர்கள் ஆபீஸ் போனதைச் சொல்லவில்லை, அவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறது. நம் ‘பாடு’ மாதிரியே: பட்ட பாடும் அதுதான், பாடுபட்டு உழைப்பதும் அதுதான்.

இரண்டாம் பாதி மட்டும் உண்மையான நோர்ஸ். ‘கிளேத’வின் பின்னால் நிற்பது ‘கிளாதர்’ என்ற பழைய உரிச்சொல். முதலில் அதற்கு ஒளிர்கிற, பளபளக்கிற என்ற பொருள், பிறகுதான் முகமலர்ச்சி. ஜெர்மனில் வழவழப்பைக் குறிக்கும் ‘கிளாட்’ இதன் உறவினர். ஆக, வந்தேறிப் பாட்டையும் உள்ளூர்ப் பளபளப்பையும் நடுவில் ஒரு ‘ஸ்’ போட்டுத் தைத்தால் உங்கள் ஸ்லைடு.

பனிக்குல்லா:
அந்த ‘ஸ்’ எதுக்கு?

வேர்ச்சொல்:
வேற்றுமை உருபாக இருந்து, பிறகு வெறும் ஒட்டாக மாறியது. டேனிஷில் ‘ஆர்பைட்ஸ்’ என்று தொடங்கி எதையும் ஒட்டலாம்: வேலையிடம், வேலைநேரம், வேலைச்சூழல். முதலாளிக்கு ‘ஆர்பைட்ஸ்கீவர்’, அதாவது வேலை கொடுப்பவர். இப்படி யாரும் எப்போதும் செய்துகொள்ளக் கூடிய கூட்டுச்சொல்லுக்குப் பிறந்த நாள் தேடுவதில் பெரிய லாபம் இல்லை. அது எப்போது கொள்கைச் சொல் ஆனது, யார் ஆக்கினார்கள் என்று கேட்டால் சுவாரசியம் அதிகம்.

சம்பளநாள்:
அந்தக் கேள்விக்கு நான் வரேன். அதுக்கு முன்னாடி, ‘வேற எந்த மொழியிலயும் கிடையாது’ங்கிற பீற்றலை யாராவது உடைங்க.

வேர்ச்சொல்:
உடைக்கிறேன். பக்கத்து நாடுகளில் ஸ்வீடிஷ் ‘ஆர்பெட்ஸ்கிளேத்யெ’, நார்வேஜியன் ‘ஆர்பைட்ஸ்கிளேதெ’ இருப்பது சரி. ஃபின்னிஷ் வேறு மொழிக்குடும்பம். அங்கும் ‘ட்யோன் இலோ’, வேலையின் இன்பம், என்று சொல்கிறார்கள். ஆனால் தெற்கே எல்லை தாண்டினாலே ஜெர்மனில் ‘ஆர்பைட்ஸ்ஃப்ராய்டெ’ இருக்கிறது. டச்சில் ‘ஆர்பைட்ஸ்ஃப்ரேக்தெ’ உண்டு, இன்றைய பேச்சில் ‘வெர்க்பிளெசீர்’.

ஜெர்மன் சொல் ஏதோ அகராதி மூலையில் தூங்குவதும் இல்லை. 1927-இல் அதன் பேரிலேயே ஒரு புத்தகம் வந்து ஐரோப்பா முழுக்க விவாதமானது. எழுதியவர் பெல்ஜிய சோசலிஸ்ட் ஹெண்ட்ரிக் டெ மான். ஃபிராங்க்ஃபர்ட்டில் தொழிலாளர்களுக்கான கல்விக்கழகத்தில் பாடம் நடத்தியவர். தன் மாணவர்களையே, அதாவது தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களையே, "உன் வேலையில் எது உனக்கு இன்பம், எது வெறுப்பு" என்று எழுதச் சொன்னார். அவற்றை வைத்து அவர் வந்து சேர்ந்த முடிவு இது: வேலை இன்பத்தை யாரும் தொழிலாளிக்கு ஊட்டத் தேவையில்லை, மனிதன் இயல்பாகவே அதைத் தேடுகிறான், தடுப்பவற்றை எடுத்துவிட்டாலே போதும்.

டீக்கடை பெஞ்ச்:
எச்.ஆர். டிபார்ட்மெண்டையே எடுத்துரலாம்னு சொல்லுறீங்களா?

பனிக்குல்லா:
அப்படின்னா டேனிஷ்காரங்க ஜெர்மனைப் பார்த்துக் காப்பியடிச்சாங்கன்னு முடிச்சுக்கலாமா?

வேர்ச்சொல்:
அவசரப்படாதீர்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஜெர்மன் ‘ஃப்ராய்டெ’வுக்கு டேனிஷில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘ஃப்ரூத்’, இதுவும் தாழ்நில ஜெர்மனிலிருந்து வந்ததே, ஃப்ராய்டெயின் நேர் தங்கை. இன்னொன்று நம் ‘கிளேத’. அடுத்தவன் விழுந்தால் சந்தோஷப்படும் குணத்துக்கான ஜெர்மன் சொல் ‘ஷாடன்ஃப்ராய்டெ’ டேனிஷில் ‘ஸ்கேதஃப்ரூத்’ ஆயிற்று. அதே அச்சில் வார்த்திருந்தால் வேலை இன்பமும் ‘ஆர்பைட்ஸ்ஃப்ரூத்’ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதனால் இதை அச்சு அசலான காப்பி என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

கடலோடி:
வேர்ச்சொல் ஐயா, இந்த வாதம் நிற்காது. நான் கோதன்பர்க்கில் இருக்கிறேன். ஸ்வீடிஷில் அதே ஷாடன்ஃப்ராய்டெ ‘ஸ்காதெகிளேத்யெ’ என்றுதான் பெயர்க்கப்பட்டது. ஃப்ரூத் இல்லை, கிளேத்யெ. ஜெர்மனைப் பார்த்துச் செய்யும்போதும் நார்டிக்காரர்கள் தங்கள் சொந்த மகிழ்ச்சிச் சொல்லைப் போட்டுக்கொள்வார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஃப்ரூத் இல்லாததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

வேர்ச்சொல்:
நல்ல அடி. இருந்தாலும் டேனிஷ் காதுக்கு ஃப்ரூத் என்பது கொஞ்சம் சர்ச் வாசனையும் கவிதை வாசனையும் உள்ள சொல். கிளேத அன்றாடச் சொல். கிறிஸ்துமஸ் மகிழ்ச்சிக்கும் அதுதான். தினமும் போய் வரும் வேலைக்கு அன்றாடச் சொல்லைத் தேர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஹேர்னிங் அக்கா:
நான் டென்மார்க்கிலை, மேற்கு யூலாந்துப் பக்கம், முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறன். இஞ்ச வந்து கனகாலம். தம்பி பனிக்குல்லா, முதலிலை உச்சரிப்பைச் சொல்லித் தாறன், இல்லாட்டிச் சிரிப்பினம். கடைசியிலை வாற ‘த’ எங்கட ‘த’ இல்லை. நாக்கு நுனி பல்லிலை முட்டாமல் சும்மா கிடக்கவேணும். புதுசா வாற ஆக்களுக்கு அது ‘ல’ மாதிரிக் கேக்கும். எழுதுறது ஒண்டு, வாயிலை வாறது வேறை ஒண்டு, டேனிஷ் முழுக்க அப்பிடித்தான்.

சொல்லைப் பற்றிச் சொன்னால், எங்கட இல்லத்திலை ஆரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து "உனக்கு ஆர்பைட்ஸ்கிளேத இருக்கோ" எண்டு கேக்கிறேல்லை. கூட்டத்திலையும் தொழிற்சங்கப் பத்திரிகையிலையும் தான் அந்தச் சொல் வரும். மூண்டு வருசத்துக்கு ஒருக்காலாவது ஒவ்வொரு வேலையிடமும் ‘ஆ-பே-வே’ எண்டு ஒரு மதிப்பீடு செய்யவேணும், அது சட்டம். தூக்கிறது, குனியிறது, கைக்குப் போடுற மருந்து, அதோடை மனநிலையும் கேப்பினம். அந்தப் படிவத்திலை கூடுதலா வாற சொல் ‘திரீவ்ஸல்’. செடி செழிச்சு வளருறதுக்கும் சொல்லுற சொல். அரசாங்கத்துக்குத் திரீவ்ஸல், ஆலோசகர்மாருக்கு ஆர்பைட்ஸ்கிளேத.

டீக்கடை பெஞ்ச்:
நம்ம ஆளுங்களுக்குச் சம்பள உயர்வு இல்லாட்டி ‘டீம் அவுட்டிங்’. அவங்க ஊர்ல என்ன குடுப்பாங்க அக்கா?

ஹேர்னிங் அக்கா:
பழக்கூடை. ‘ஃப்ருக்ட்ஓர்ட்னிங்’ எண்டு பேர். கம்பனிக்காரர் வேலை விளம்பரத்திலையே போடுவினம். பெரிய கந்தோருகளிலை வெள்ளிக்கிழமை பியர் குடிக்கிறதும் இருக்கு. எங்களுக்கு வெள்ளிக்கிழமை எண்டால் ரெண்டு பேர் சுகவீன லீவு, மிச்ச ஆக்கள் ஓடித் திரியவேணும்.

சம்பளநாள்:
இப்ப நான் வரேன். இது எப்போ கொள்கைச் சொல் ஆச்சு, யார் ஆக்கினாங்கன்னு கேட்டா நான் தெருவைக் காட்டுவேன்.

1872 மே மாசம். கோபன்ஹேகன் கொத்தனார்கள் 11 மணி நேர வேலையை 10 ஆக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செஞ்சாங்க. டேனிஷ் சோசலிஸ்ட் தலைவர் லூயி பியோ அவங்களுக்கு ஆதரவா ‘பாத்திரம் நிரம்பிவிட்டது’ன்னு எழுதி, மே 5-ஆம் தேதி நகரத்துக்கு வெளியே இருந்த பொதுத்திடலுக்கு வரச் சொன்னார். கூட்டம் நடக்கறதுக்கு முந்தின ராத்திரியே அவரைக் கைது பண்ணிட்டாங்க. அப்பவும் ஜனங்க வந்தாங்க. போலீசும் குதிரைப்படையும் சேர்ந்து விரட்டினாங்க. வேலையில மகிழ்ச்சி வேணும்னு யாரும் அன்னிக்குக் கோஷம் போடலை. ஒரு மணி நேரம் குறைச்சுக் குடுன்னுதான் கேட்டாங்க.

அடுத்து 1899. யூலாந்துல தச்சர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. முதலாளிகள் சங்கம் அதையே சாக்கா வெச்சு நாடு முழுக்கக் கதவடைச்சது. ஏறக்குறைய 40,000 பேர் வெளியே. நூறு நாள் அளவுக்கு இழுத்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி சமரசம். சங்கம் வைக்கிற உரிமையை முதலாளி ஒத்துக்கிட்டான். வேலையை நடத்தற, பங்கிடற உரிமை முதலாளிக்குன்னு தொழிலாளி ஒத்துக்கிட்டான். டென்மார்க் வேலைச் சந்தையோட அரசியல் சாசனம்னு இன்னிக்கும் அதைத்தான் சொல்றாங்க. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இன்னிக்கும் அங்கே கிடையாது. எல்லாம் சங்கமும் முதலாளியும் உட்கார்ந்து பேசி முடிக்கறதுதான். 1919-ல எட்டு மணி நேரம், 1938-ல சம்பளத்தோட விடுமுறைச் சட்டம், 1990-லிருந்து வாரத்துக்கு 37 மணி நேரம்.

வாரம் 37 மணி நேரம் வேலை பார்த்துட்டு நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போறவன் மகிழ்ச்சின்னு சொன்னா அது பொருந்தும். ஊதியமும் நேரமும் கைக்கு வந்தப்புறம்தான் இந்தச் சொல்லுக்கு எடை வந்தது. அதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா கல்லெறிஞ்சிருப்பாங்க.

கடலோடி:
பாதி உண்மை, சம்பளநாள். குருண்ட்விக்கை விட்டுவிட்டு டென்மார்க் பற்றிப் பேசுவது சரியல்ல. பாதிரியார், பாட்டு எழுதியவர், 1783 முதல் 1872 வரை வாழ்ந்தவர். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சையும் சான்றிதழும் இல்லாத பள்ளி வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட முதல் மக்கள் உயர்பள்ளி 1844-இல் ரோதிங்கில் திறந்தது. அவர் தன் பிள்ளைகளுக்கு எழுதிய கவிதை ஒன்று எளிமையும் களிப்பும் சுறுசுறுப்பும் உள்ள மண்ணுலக வாழ்க்கையைப் போற்றித் தொடங்கும். டேனிஷ்காரர்கள் இன்றும் அதைப் பாடுகிறார்கள். களிப்பையும் உழைப்பையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் அங்கே சங்கத்துக்கு முன்பே இருந்தது.

அதற்கும் முன்னால், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி லூதர். 1536-இல் டென்மார்க் புராட்டஸ்டண்ட் ஆனது. துறவி செய்வதற்கு இணையாக, செருப்பு தைப்பதும் கடவுள் அழைத்துக் கொடுத்த பணிதான் என்பது அவர் போதனை. டேனிஷில் அந்த அழைப்புக்கு ‘கால்’ என்று பெயர்.

சம்பளநாள்:
‘கால்’ வார்த்தை எனக்கு நல்லாத் தெரியும். செவிலியர்களுக்கு அதைச் சொல்லித்தான் காலம் காலமா சம்பளத்தைக் குறைச்சுக் குடுத்தாங்க. "இது உன் அழைப்பு, காசைப் பத்தி ஏன் பேசறே." 1969 அரசு ஊழியர் சம்பளச் சீர்திருத்தத்துல செவிலியர், பாலர் பள்ளி ஆசிரியர் மாதிரி பெண்கள் அதிகமா இருக்கற வேலையையெல்லாம் கீழ்ப்படியில வெச்சாங்க. அந்தக் கணக்கைக் கேட்டு 2021 கோடையில செவிலியர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. ஆகஸ்ட் கடைசியில பாராளுமன்றம் சட்டம் போட்டு அதை முடிச்சு வெச்சது. உங்க எச்.ஆர். ஸ்லைடுல அது இருந்துச்சா?

ஹேர்னிங் அக்கா:
அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். அம்மம்மாவைக் குளிக்க வாத்து, தலை இழுத்துவிட்டு, அவ ஒருக்காச் சிரிச்சால் எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லேல்லை. ஆனால் அந்தச் சந்தோசத்தைக் காட்டி அடுத்த அறைக்கு ஆள் போடாமல் விட்டால் கோவம் வரும்.

டீக்கடை பெஞ்ச்:
டெ மான் கதையைப் பாதியில விட்டுட்டீங்களே. அவர் கடைசியில என்ன ஆனார்னு சொல்லுங்க.

வேர்ச்சொல்:
சங்கடமான முடிவுதான். 1940-இல் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்தபோது, கட்சித் தலைவராக இருந்த டெ மான் தன் கட்சியையே கலைத்து, இனி எதிர்க்க வேண்டாம் என்று அறிக்கை விட்டார். போருக்குப் பின் துரோகக் குற்றத்துக்குத் தண்டனை விதித்தார்கள், ஆள் இல்லாமலே. சுவிட்சர்லாந்தில் தங்கி 1953-இல் இறந்தார்.

சொல்லுக்கும் நல்ல காலம் இல்லை. நாஜிகள் 1933-இல் தொழிற்சங்கங்களை நசுக்கிவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் ‘மகிழ்ச்சியால் வலிமை’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளிக்குக் கப்பல் பயணம், கச்சேரி. ‘உழைப்பின் அழகு’ என்று தனிப் பிரிவு; தொழிற்சாலையில் நல்ல வெளிச்சம், சுத்தமான உணவறை, முற்றத்தில் பூச்செடி. பேரம் பேசும் உரிமை மட்டும் இல்லை. ‘உழைப்பு’, ‘மகிழ்ச்சி’ இரண்டையும் அந்த வாய் சேர்த்துச் சொன்ன பிறகு ஜெர்மனில் அந்தக் கூட்டுக்கு ஒரு கறை ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். டென்மார்க்கில் சங்கங்கள் தப்பிப் பிழைத்தன, சொல்லும் பிழைத்தது. ‘நார்டிக்குக்கே உரியது’ என்று இன்று சொல்வதில் ஏதாவது உண்மை இருந்தால் அது இவ்வளவுதான்.

பனிக்குல்லா:
படிக்கப் படிக்க எங்கேயோ போகுது. ஒரு சின்னக் கேள்வி. ஆபீஸ்ல நாலு மணிக்கு ‘ஃபியூராஃப்தன்’னு சொல்லிட்டுக் கிளம்பறாங்க. ‘ஃபியூர்’னா நெருப்பு, ‘ஆஃப்தன்’னா மாலை. உலையை அணைச்சுட்டு வீட்டுக்குப் போற நேரம்னு ஒருத்தர் விளக்கம் சொன்னார். சரியா?

வேர்ச்சொல்:
கேட்க அழகு, ஆனால் தப்பு. ஜெர்மன் ‘ஃபயர்ஆபெண்ட்’ தாழ்நில ஜெர்மன் வழியாக வந்து உருமாறியது. பண்டிகைக்கு முந்தின மாலை என்பதுதான் ஆதிப் பொருள். மறுநாள் திருநாள், அதனால் இன்றைக்கே கருவிகளைக் கீழே வைத்துவிடு. பிறகு ஒவ்வொரு நாள் மாலையும் அந்தப் பெயரைப் பெற்றது. நெருப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

டீக்கடை பெஞ்ச்:
வேலை முடியற நேரத்துக்கு இருக்கற சொல்தான் எனக்கு நெருக்கமா இருக்கு. அதுக்குன்னு தனியா பியர் கூட இருக்காமே?

கடலோடி:
‘ஃபியூராஃப்தன்ஸ்உல்’. பியரைத் தொட்டால் டேனிஷ்காரர் என்ன செய்வார் என்று 2010 ஏப்ரலில் பார்த்தோம். கார்ல்ஸ்பெர்க் ஆலையில் அதுவரை வேலை நேரம் முழுக்க எடுத்துக் குடிக்க பியர் குளிர்பெட்டிகள் இருந்தன. இனி மதியச் சாப்பாட்டு நேரத்தில் உணவகத்தில் மட்டும்தான் என்று நிர்வாகம் அறிவித்தது. நூற்றுக்கணக்கான கிடங்குத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். லாரி ஓட்டுநர்களுக்கு நாளுக்கு மூன்று பியர் சலுகை தொடர்ந்தது; ஆனாலும் அவர்களும் ஆதரவாக இறங்கினார்கள்.

டீக்கடை பெஞ்ச்:
லாரி ஓட்டுறவருக்கு மூணா! இதுக்கு மேல என்னய்யா ஆர்பைட்ஸ்கிளேத.

சம்பளநாள்:
சிரிப்பு இருக்கட்டும். அது பியருக்கான சண்டை இல்லை. கேட்காம மாத்தினதுக்கான சண்டை.

கடலோடி:
அங்கேதான் டேனிஷ் ஆய்வுகளும் வந்து நிற்கின்றன. வேலையிட மனநலத்தை அளக்க அவர்கள் செய்த கோபன்ஹேகன் வினாப்பட்டியல் இன்று பல நாடுகளில் புழங்குகிறது. அதை உருவாக்கியதில் முதன்மையானவரான தாகெ கிறிஸ்டென்சன் ‘ஆறு பொன்மணிகள்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்: வேலையில் உன் பேச்சுக்கு இருக்கும் செல்வாக்கு, செய்வதில் பொருள் இருப்பது, நாளை என்ன வரும் என்று முன்கூட்டித் தெரிவது, உடன் இருப்பவர்களின் துணை, உழைப்புக்கு ஏற்ற பலன், அளவான சுமை. முதல் இடம் செல்வாக்குக்கு. பழக்கூடை ஆறில் எதிலும் இல்லை.

பனிக்குல்லா:
இந்தத் தடவை உண்மையாவே கை தட்டறேன். எச்.ஆர். அம்மாகிட்ட ஹான்சா கப்பலைப் பத்திச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கறேன். இன்னொண்ணு, சங்கத்துல சேரணும்னு டீம்ல ஒருத்தர் ரெண்டு பேப்பர் குடுத்தார். ‘ஆ-காஸ’ன்னு ஒண்ணு, ‘ஃபாக்ஃபொரேனிங்’னு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதானே, ஒண்ணுக்குக் கட்டினா போதாதா?

சம்பளநாள்:
இல்லை தம்பி, வேற வேற. ஃபாக்ஃபொரேனிங் தொழிற்சங்கம், சம்பளப் பேரம், ஒப்பந்தத்தைப் படிச்சுப் பார்த்துச் சொல்றது, தகராறுன்னா கூட நிக்கறது. ஆ-காஸ வேலையில்லாக் காப்பீட்டு நிதி. வேலை போனா மாசப் பணம் அங்கேர்ந்துதான். ஆனா பொதுவா ஒரு வருஷம் உறுப்பினரா இருந்தாதான் அது கிடைக்கும், அதனால வேலை ஆட்டம் காணட்டும்னு காத்திருக்காதே.

ஹேர்னிங் அக்கா:
விசாவிலை வந்த ஆள் எண்டால் அந்தக் காசு எடுக்கிறது உன்ரை அனுமதியோடை ஒத்துவருமோ எண்டும் கேட்டுக்கொள். போன் அடிச்சால் ஆங்கிலத்திலை சொல்லுவினம். டேனிஷிலை கேக்கப் போறாய் எண்டால் முதலிலை அந்த ‘த’வைப் பழகு.